மூங்கில் மேடையும் மின்கிட்டாரும்

ஸிரோ இசைவிழாத் திடலை நெருங்கும்போது முதலில் வந்து சேர்வது பேஸ் கிட்டார்தான். குரலும் மற்ற வாத்தியங்களும் மழைச் சத்தத்தில் கரைந்துவிட, அடிநாதம் மட்டும் நெல்வயலைக் கடந்து வந்து நெஞ்சுக்கூட்டில் இடிக்கிறது. பாதையின் இருபுறமும் கதிர் முற்றிச் சாய்ந்த வயல்கள். அவற்றுக்கு அப்பால் பைன் மரக் குன்றுகள், பாதி உயரம் வரை மேகம். எங்களுக்கு முன்னால் கம்பூட்ஸ் போட்ட ஒரு பாட்டி, முதுகில் மூங்கில் கூடையும் தலையில் பிளாஸ்டிக் தாளுமாக, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

"இங்கேயே இப்படி இருக்குன்னா, முன்னாடி போனா எப்படி இருக்கும்!" என்று தோழி நடையை எட்டிப் போட்டாள்.

"மெதுவா போ. வழுக்கும்" என்றான் மைக்செட் நண்பன். அவன் பார்வை பாதையில் இல்லை. திடலின் ஓரமாக வரும் மின்சார வயர் எந்தக் கம்பத்திலிருந்து இறங்குகிறது, எங்கே தரையைத் தொடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தது.

அருணாசலப் பிரதேசத்தின் கீழ் சுபன்சிரி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது ஸிரோ பள்ளத்தாக்கு. அபதானி மக்களின் மண். ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசி வாக்கில் நான்கு நாள் இங்கே இசைவிழா. டெல்லியின் 'மென்வோபாஸ்' ராக் குழுவில் கிட்டார் வாசிக்கும் அனுப் குட்டியும், ஸிரோக்காரரான பாபி ஹானோவும் சேர்ந்து 2012-இல் தொடங்கினார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. அமெரிக்காவின் 'சோனிக் யூத்' குழுவைச் சேர்ந்த லீ ரனால்டோவும் ஸ்டீவ் ஷெல்லியும்கூட இந்த வயல்வெளிக்கு வந்து வாசித்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் இந்தப் பகுதியைவிட்டுப் பருவமழை கிளம்பியிருக்காது. ஆகவே மழையில் நனைந்த விழா என்பது இங்கே விபத்தல்ல, வழக்கம்.

நாங்கள் நால்வர். மைக்செட் நண்பனின் அப்பா விழுப்புரம் பக்கம் கோயில் திருவிழாக்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். இவன் சென்னையில் மெல்லிசைக் குழுக்களுக்கு ஒலி அமைக்கிறான். தோழி திருச்சியில் கல்லூரி ஆசிரியை, பேஸ் கிட்டார் பழகுகிறவள். இன்னொருவன் பெங்களூரில் வேலை பார்ப்பவன், கறுப்பு டி-ஷர்ட் தவிர வேறு அணியாதவன். எனக்கு ராக் இசை இவர்கள் மூவரும் ஊட்டியது.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குவாஹாத்தியிலிருந்து இரவு ரயிலில் நாஹர்லகுன். அங்கே இறங்கியதும் உள்நுழைவு அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். 1873-இல் வெள்ளைக்காரர்கள் போட்ட ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிமாநிலத்தவர் இன்றும் இதை வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். பிறகு பகிர்வு சூமோவில் நூறு கிலோமீட்டர் சொச்சம் மலைப்பாதை. யாஸலி அருகே ரங்கநதி அணையின் நீர்த்தேக்கம் சாலைக்குக் கீழே பச்சையாகத் தெரியும். அதைத் தாண்டி ஏறி இறங்கினால் மலைகளுக்கு நடுவே தட்டையான, அகலமான ஒரு பள்ளத்தாக்கு விரியும். மலைநாட்டில் இத்தனை சமதளத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

திடலைப் பற்றிச் சொல்லும் முன் வயலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்த மேடையைக் கட்டிய கைகள் வயலில் பழகிய கைகள்.

அபதானிகள் ஏர் பூட்டுவதில்லை, மாடு கட்டுவதில்லை. எல்லாம் கையால், மண்வெட்டியால். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை மடக்கி வாய்க்காலில் விட்டு, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீரைக் கடத்துகிறார்கள். அந்தக் குழாயை அவர்கள் ஹுபுர் என்கிறார்கள். குழாயை ஏற்றி வைத்தால் வயலில் நீர் நிற்கும், இறக்கி வைத்தால் வடியும். வயலுக்கு நடுவே ஒரு பள்ளம் வெட்டி அதில் கெண்டை மீன் வளர்க்கிறார்கள். தண்ணீர் நிறைந்திருக்கும்போது மீன் நெற்பயிருக்கிடையே மேயும், வற்றும்போது பள்ளத்துக்குள் ஒதுங்கும். வரப்பைக்கூட வெறுமனே விடவில்லை. அதன்மேல் கேழ்வரகு. வரப்பில் விரல் விரித்து நின்ற கேழ்வரகுக் கதிரைப் பார்த்ததும் தோழி குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "எங்க பாட்டி ஊர்ல இருக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். நெல், மீன், கேழ்வரகு மூன்றும் ஒரே தண்ணீரில், ஒரே துண்டு நிலத்தில். 2014 முதல் இந்த அபதானி நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு ரொம்ப காலம் முன்பே, 1944-இல், மானிடவியலாளர் கிறிஸ்டோஃப் ஃபான் ஃப்யூரர்-ஹைமண்டார்ஃப் இங்கே வந்து இவர்களோடு பழகி, இந்த விவசாயத்தை வியந்து எழுதியிருக்கிறார்.

திடலுக்குள் நுழைந்தபோது தூறல்தான். பகல் மேடையின் பெயர் டான்யி, இரவு மேடையின் பெயர் பீலோ. சூரியனும் சந்திரனும். அருணாசலத்தின் பல பழங்குடி மக்கள் வழிபடுவது இவ்விரண்டையும்தான். இரண்டு மேடைகளும் மூங்கிலும் மரமுமாக உள்ளூர்க்காரர்கள் கட்டியவை. பெரிய இசைவிழாக்களில் பார்த்துப் பழகிய அலுமினிய டிரஸ் சட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இது வேறு ஜாதி. முகப்பில் பிளந்த மூங்கிலைப் பின்னிய தட்டிகள், சூரியக் கதிர்போல் விரிந்த மூங்கில் அலங்காரம். கட்டு ஒவ்வொன்றும் மூங்கில் பட்டையால் முறுக்கிப் போட்டது. நான் ஒரு கட்டை அருகில் போய்ப் பார்த்தேன். பச்சைப் பட்டையை நனைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைத் திருகி உள்ளே சொருகியிருந்தார்கள். காய்ந்தால் இறுகும், நனைந்தால் சற்று நெகிழும், ஆனால் நழுவாது. மேடைக்குப் பின்னால் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நான் தடவிப் பார்ப்பதைக் கண்டு அருகே வந்து, அந்தக் கட்டைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டிவிட்டுத் தலையாட்டினார். எங்களுக்குள் பொதுமொழி இல்லை. அவர் அழுத்திய அழுத்தத்தில் நம்பிக்கை இருந்தது.

இந்த மூங்கில் காட்டிலிருந்து வெட்டி வந்ததல்ல. ஊரைச் சுற்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக மூங்கில் தோப்பு உண்டு, நடுவில் பைன் மரங்களும் வளரும். வீடு, வேலி, கூடை, குழாய், திருவிழாக் கம்பம் எல்லாம் அந்தத் தோப்பிலிருந்து. ஊர்க் கூட்டம் கூடவும் சடங்கு செய்யவும் ஒவ்வொரு குடியிருப்பிலும் லபாங் என்ற பலகை மேடை இருக்கிறது. மேடை கட்டுவது இவர்கள் இசைவிழாவுக்காகப் புதிதாகக் கற்றுக்கொண்ட வேலை அல்ல.

பிற்பகலில் வடகிழக்கைச் சேர்ந்த ஓர் இளம் குழு மேடை ஏறியது. இரண்டு கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், பாடகி. முதல் பாட்டின் நடுவிலேயே மழை வலுத்தது. தூறல் சாரலாகி, சாரல் கண்ணை மறைக்கும் கனமழையாகிவிட்டது. எங்களைச் சுற்றி இருந்தவர்களில் சிலர் சாப்பாட்டுக் கூடாரங்களைப் பார்த்து ஓடினார்கள். பெரும்பாலோர் ஓடவில்லை. ரெயின்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையை நோக்கி இன்னும் நெருங்கினார்கள். கூட்டம் நெருங்க நெருங்கச் சேறு குழைந்தது. ஈரமண் வாசனையும் நசுங்கிய புல் வாசனையும் எழுந்தன.

"ஏன் பேஸ் மட்டும் தூரத்துல கேட்டுச்சு தெரியுமா?" என்று மைக்செட் நண்பன் என் காதருகே கத்தினான். தார்ப்பாயிலும் குடையிலும் தகரத்திலும் விழும் மழை, சிம்பலும் குரலும் இருக்கிற அதே உயர்ந்த அதிர்வெண்களில் இரைச்சல் போடுகிறது. அந்த ஒலிகளை அது மூடிவிடும். அடிநாதம் அதற்குக் கீழே தப்பித்து வந்துவிடும். இதில் ஒரு விந்தை உண்டு என்றும் சொன்னான். காற்று வறண்டிருந்தால்தான் உச்ச ஒலிகளை அதிகம் உறிஞ்சும். ஈரக் காற்று அவற்றை நெடுந்தூரம் விடும். அதனால் மழை ஓய்ந்த மறுநிமிடம் வெளி மேடையில் சிம்பல் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்கும், கவனி என்றான். கவனித்தேன். மாலையில் அப்படித்தான் கேட்டது.

மேடையில் மழையோடு மல்லுக்கட்டியவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர்களைத்தான் நான் அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வலுத்த கணத்தில் நான்கைந்து பையன்கள் இருட்டிலிருந்து முளைத்தார்கள். ஒருவன் தரையிலிருந்த மானிட்டர் ஸ்பீக்கர்களின் முதுகில் பிளாஸ்டிக் உறையை இழுத்து விட்டான். இன்னொருவன் வயர் இணைப்புகளை எல்லாம் தரையிலிருந்து தூக்கி மரச்சட்டத்தின்மேல் வைத்தான். மூன்றாமவன் கிட்டார் கலைஞரின் காலடியில் மண்டியிட்டு, எஃபெக்ட் பெடல்களை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றினான். கலைஞர் வாசிப்பை நிறுத்தவில்லை, காலை மட்டும் நகர்த்திக் கொடுத்தார். திடலின் நடுவே கூடாரத்தில் இருந்த மிக்ஸருக்கு மேல் இரண்டாவது தார்ப்பாய் ஏறியது.

"எர்த் ஒழுங்கா இருக்கணும். அது இல்லாம எவனும் மைக்கைத் தொடக்கூடாது" என்று நண்பன் முணுமுணுத்தான். அவன் தொழிலில் இது வேதவாக்கு. 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரில் 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஒரு கையில் கிட்டாரின் கம்பி, மறு கையில் மைக். இரண்டுக்கும் நடுவே உடம்பு. கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இன்று கட்டாயம் என்று அவன் எந்தக் கல்யாண மண்டபத்திலும் சண்டை போடுவான். இங்கேயும் மேடைக்குப் பின்னால் போய் ஜெனரேட்டர் பக்கம் நின்ற மின்பணியாளரிடம் பேசிவிட்டுத்தான் திரும்பினான். திரும்பும்போது முகம் தெளிந்திருந்தது.

நான்காவது பாட்டில் எல்லாம் ஒரேயடியாக நின்றது. மின்சாரம் போகவில்லை, அவர்களே நிறுத்தினார்கள். ஒரு பக்க ஸ்பீக்கர் அடுக்கில் நீர் இறங்குவதைப் பார்த்துவிட்டார்கள். பாடகியின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. நின்ற இடத்திலேயே ட்ரம்மர் மட்டும் விடவில்லை. மைக் இல்லாத வெறும் ட்ரம்ஸ், மழையோடு சேர்ந்து. கூட்டம் கைதட்டிப் பிடித்துக்கொண்டது. பாடகி மேடையின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, கூரைக்கு வெளியே காலைத் தொங்கவிட்டபடி, தொண்டையிலிருந்து பாடினாள். முன்வரிசை அவளைப் பிடித்துப் பின்வரிசைக்குக் கொடுத்தது. வடகிழக்கில் தேவாலயச் சேர்ந்திசையில் வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். அவர்கள் ஒரே சுரத்தில் பாடுவதில்லை, கேட்ட மாத்திரத்தில் நான்கு குரலாகப் பிரிந்துவிடுவார்கள். எங்கள் வலப்பக்கம் நின்ற கம்பூட்ஸ் இளைஞர்கள் அப்படித்தான் பிரிந்தார்கள். பெங்களூர் நண்பன் அவர்களின் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டான். தோழி அழுதுகொண்டிருந்தாள். மழையில் அது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

ஸ்பீக்கர் மீண்டும் உயிர்பெற்றபோது எழுந்த ஆரவாரத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. வெளியில் மழையோடு நடந்த ராக் விழா என்றதும் எல்லோரும் 1969 ஆகஸ்ட் உட்ஸ்டாக்கைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜோ காக்கர் பாடி முடித்ததும் அங்கே புயல் மழை இறங்கியது, சேற்றில் பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் என் தலைமுறை மழையையும் ராக்கையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது. ஆனால் எனக்கு இனி முதலில் நினைவுக்கு வரப்போவது ஸிரோவில் ஸ்பீக்கர் ஊமையாகிக் கிடந்த நிமிடங்கள்தான்.

நான் அப்போது இன்னொன்றையும் பார்த்தேன். திடலின் தாழ்ந்த பக்கத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. உள்ளூர் ஆண்கள் இருவர் மண்வெட்டியோடு வந்தார்கள். கூட்டத்தை விலக்கக்கூட இல்லை. திடலின் ஓரத்தை ஒரு கணம் பார்த்தார்கள், இரண்டு இடத்தில் வெட்டினார்கள், வெட்டிய மண்ணை எதிர்ப்பக்கம் வரப்பாகப் போட்டார்கள். தண்ணீர் திரும்பி வயல்பக்கம் ஓடத் தொடங்கியது. பாட்டு முடியுமுன் வேலை முடிந்துவிட்டது. எங்கே சரிவு, எங்கே மடை திறக்க வேண்டும் என்று பார்வையிலேயே தெரிந்துகொள்ளும் ஆட்கள். நகரத்துத் திடல்களில் இதற்குப் பம்புசெட் வந்திருக்கும், அதுவும் மறுநாள்.

மழை இடைவெளி விட்டபோது சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனோம். பன்றி இறைச்சியை மூங்கில் குருத்தோடு சேர்த்துச் சமைக்கும் பிகே பிலா. அதில் போடும் டப்யோ, செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும் கரிய உப்பு. நாக்கில் முதலில் புகை, பிறகு உவர்ப்பு, கடைசியில் லேசான கசப்பு. மைக்செட் நண்பன் மறுமுறை வாங்கினான். மூங்கில் குவளையில் அரிசிக் கள் கிடைக்கும். ஸிரோவைச் சேர்ந்த பொறியாளர் டாகே ரீட்டா 2017-இல் தொடங்கிய 'நாரா ஆபா' கிவி ஒயினும் கிடைக்கும். கிவிப் பழம் இங்கே தோட்டந்தோறும் காய்க்கிறது, விலைபோகாமல் வீணாவதைப் பார்த்துத் தொடங்கிய தொழில்.

கடை நடத்திய ஒரு மூதாட்டியின் நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை பச்சைக் கோடு, தாடையில் கோடுகள், மூக்கின் இருபுறமும் கறுப்பு வட்டத் தக்கை. அபதானிப் பெண்களின் இந்த வழக்கம் 1970-களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இப்போது இவற்றைத் தாங்கியிருப்பவர்கள் வயதான பெண்கள் மட்டுமே. அவர் இறைச்சியைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே கேமராவை முகத்துக்கு நேரே நீட்டி, கேட்காமல் படமெடுத்துக்கொண்டு நகர்ந்தான் ஓர் இளைஞன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் ஒரு கடைக்காரர். வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்கலாம், ருசியைக் கேட்கலாம், படம் எடுக்கலாமா என்றும் கேட்கலாம். தோழி அவரருகே அடுப்படியில் உட்கார்ந்து அரைகுறை இந்தியில் பேசினாள். கேழ்வரகை என்ன செய்வீர்கள் என்பது அவள் கேள்வி. கள் காய்ச்சுவோம் என்று அவர் சொல்ல, நாங்கள் கூழ் காய்ச்சுவோம் என்று இவள் சொல்ல, இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

இருட்டியதும் கூட்டம் பீலோ மேடைக்கு நகர்ந்தது. குளிர் இறங்கிவிட்டது. குளிரில் கிட்டாரின் உலோகக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், மேடை விளக்கின் சூட்டில் தளர்ந்து இறங்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் கலைஞர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு சுருதி சேர்த்தார்கள். அந்த இடைவெளியில் சுற்றிலும் தவளைச் சத்தம். வயல்களுக்கு நடுவே இருக்கிறோம் என்பதை ராக் குழு நிறுத்தும்போதெல்லாம் தவளைகள் சொல்லிக்கொண்டிருந்தன.

கடைசியாக வந்த குழு ஷில்லாங் பக்கத்தது. அந்த ஊருக்கு இதில் நீண்ட வரலாறு. லூ மஜாவ் 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளை அங்கே கச்சேரி வைத்துக் கொண்டாடி வருகிறார். வடகிழக்கில் கிட்டார் என்பது வெளியிலிருந்து வந்த நாகரிகப் பொருளாக இப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. தாத்தா வாசித்தார், அம்மா தேவாலயத்தில் பாடினார், பிள்ளை டிஸ்டார்ஷன் பெடல் வாங்கினான், அவ்வளவுதான். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞருக்கு ஐம்பது வயதிருக்கும். ப்ளூஸ் வழியில் மெதுவாகத் தொடங்கினார். ஒரே ஒரு சுரத்தை எடுத்து, கம்பியை இழுத்து, அதை அடுத்த சுரத்தின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே விடவில்லை. மறுபடி மழை பிடித்தது. அவர் வானத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், வாசிப்பு மாறியது. இழுப்பு போய்க் குத்து வந்தது. ட்ரம்மர் புரிந்துகொண்டு வேகத்தை இரட்டித்தார். பேஸ் அதன்கீழ் அசையாமல் நின்றது.

"பேஸ பாரு, பேஸ பாரு" என்று தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அந்தாளு ஒரே நோட்டுல நிக்கிறான். அவன் நின்னாதான் இவங்க பறக்க முடியும்." அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அந்தப் பாட்டின் எலும்பு தெரிந்தது. அதுவரை நான் கிட்டாரின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

விளக்கொளியில் மழைத்தாரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் சிவப்பு மழை, நீலம் எரிந்தால் நீல மழை. எனக்கு முன்னால் ஒரு அப்பா, மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். சிறுமி மஞ்சள் ரெயின்கோட்டில், காதில் சத்தம் தடுக்கும் பெரிய உறையோடு, இரண்டு கையையும் உயர்த்தி ஆடினாள். பெங்களூர் நண்பன் பெரிய நகரத்து மைதானங்களில் உலகப்புகழ் குழுக்களைக் கேட்டவன். தடுப்புக்கம்பிக்குள் நெரிபட்டு, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் மயங்கியவர்களைப் பார்த்தவன். "மச்சி, இங்க ஒருத்தன்கூட என்னைத் தள்ளலடா" என்றான். அவனுக்கு முன்பின் தெரியாத ஒருவர் வழுக்கி விழப்போனபோது நாலு பக்கமிருந்தும் கை நீண்டதை நானும் பார்த்தேன். சேறு எல்லோருக்கும் பொது. விழுந்தால் தூக்க ஆள் வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

இந்த விழா இன்னும் பெரிதாகக்கூடாது என்பது என் அழுத்தமான எண்ணம். பள்ளத்தாக்கில் விளைநிலம் கொஞ்சம்தான். சாலைகள் குறுகலானவை. கார்கள் வரப்போரம் ஏறி நிற்பதைப் பார்த்தேன். பிளாஸ்டிக்கைத் தவிருங்கள் என்று விழாக்காரர்கள் சொல்லியும், வாய்க்காலில் பிஸ்கட் உறை மிதந்தது. அந்த வாய்க்கால் நேரே மீன் வளரும் வயலுக்குப் போகிறது. ஹோட்டல் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியிருக்கின்றன. விழா வீட்டுத் தங்கல்களை நம்பி நடக்கும்வரை பணம் ஊர் வீடுகளுக்குப் போகும், வருகிறவர்களின் எண்ணிக்கையும் வீடுகளுக்குத் தாங்கும் அளவில் நிற்கும். பெரிய விளம்பரப் பணத்தோடு பெரிய இரும்பு மேடையும் வந்துவிட்டால், மூங்கில் கட்டத் தெரிந்த அந்தப் பெரியவருக்கு அங்கே வேலை இருக்காது. அவர் வேலை செய்கிற விழாவைப் பார்க்கத்தான் நான் இத்தனை தூரம் வந்தேன்.

மறுநாள் காலை நாங்கள் தங்கியிருந்த வீட்டில், நடுக்கூடத்து அடுப்பைச் சுற்றிக் கம்பூட்ஸைக் காயவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கார அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் விழாத் தன்னார்வலர், இரவெல்லாம் நின்றுவிட்டு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தான். பெங்களூர் நண்பன் கேட்டான்: "ஆண்ட்டி, விழாவை ஒரு மாசம் தள்ளி வெச்சா என்ன? மழை விட்டிருக்குமே?"

அவர் அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். "அப்போது அறுவடை. எல்லோரும் வயலில் இருப்போம். மேடையை யார் கட்டுவார்கள்? உங்களுக்கு யார் சமைப்பார்கள்?"

பிறகு எங்கள் வீட்டு வயலில் தண்ணீரை வடிக்கவே இன்னும் ஆள் சேரவில்லை, மீனைப் பிடித்தாக வேண்டும், தாமதித்தால் கதிர் நனைந்து சாய்ந்துவிடும் என்று அவர் கணக்குச் சொல்லத் தொடங்கினார். அக்கம்பக்கத்தார் முறைவைத்து ஒருவர் வயலில் ஒருவர் இறங்குவார்களாம், இந்த வருஷம் தன் வீட்டு முறை இரண்டாவதாம்.

"எத்தனை ஆள் வேணும்?" என்று மைக்செட் நண்பன் கேட்டான்.

"எத்தனை பேர் வந்தாலும் சரி. மண்வெட்டி பிடிப்பீர்களா?"

"பிடிப்போம்" என்றாள் தோழி, எங்கள் யாரையும் கேட்காமல். கல்லூரிக்கு விடுப்புச் சொல்ல அப்போதே போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி வாசலுக்குப் போனாள்.